தண்ணி வருது

தாலுகா ஆபீசில் ஒருநாள் பயிற்சி.
சாம்பார் சாதம், ஒரு வாழைப்பழம்,
ஒரு விசில், ஒரு ஆரஞ்சு கோட்டு.
கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன்.
முதல்நிலை மீட்பாளர் என்று முதுகில் எழுதியிருந்தது.
ஆம்பளை அளவு. எனக்கு முழங்கால் வரை தொங்கியது.

ஆற்றோரத் தெருவில் நாற்பத்தோரு வீடு.
ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒப்பித்தேன்:
ரேஷன் கார்டு, பட்டா, பாஸ்புக்,
பிள்ளைகளின் மார்க் ஷீட், சர்க்கரை மாத்திரை
எல்லாம் ஒரே பையில், கதவுக்குப் பின்னால் ஆணியில்.
ஒரு டார்ச். கொஞ்சம் பொரி.
நனையாமல் சுற்றிய தீப்பெட்டி ஒன்று.

ஒன்று போதுமா என்று சிரித்தாள் தெய்வானை.
பொழுதுக்கும் தீப்பெட்டி ஒட்டுகிற வீடு அது,
படுக்க இடம் இல்லாமல் பெட்டிகள் காய்ந்தன.
பட்டா என்றதும் கோதண்டன் சிரிக்கவில்லை.
"இருந்தா வைக்க மாட்டனா?"

"ஆறு எங்க கீது, அதச் சொல்லு மொதல்ல"
என்றார் ஜமீலாவின் வீட்டுக்காரர்.
கேட்டது நியாயம்தான்.
கவுண்டன்யாவில் பையன்கள் ஸ்டம்பு நட்டு ஆடினார்கள்.
லுங்கிக்குச் சாயம் ஏற்றிய நூல்
கரைக்குக் கரை கட்டிய கழியில் காய்ந்தது.
ஆற்றுக்கு நடுவில் நின்றுகொண்டுதான்
லாரித் தண்ணிக்காக
ரோட்டைப் பார்ப்போம் நாங்கள்.

கார்த்திகை. மூன்று நாளாய் விடாத மழை.
ஏரி கோடி போகிறது, மோர்தானாவும் வழிகிறது என்று
தலையாரி ஏழுமலை போன் செய்தபோது
மணி ஒன்றே கால். கரண்டு இல்லை.
விசிலை ஊதினேன்.
மழை அதைத் தின்றுவிட்டது.
வாயில் வந்ததைக் கத்திக்கொண்டு ஓடினேன்:
தண்ணி வருது! தண்ணி வருது!

கதவுகள் திறந்தன, அத்தனையும்.
பயிற்சி கொடுத்தவர் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.
இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம்,
தலையில் துண்டோடு
குழாயடிக்கு வந்து வரிசை கட்டினார்கள்.
யார் முதல் என்று ஒரு சண்டைகூடத் தொடங்கியது.

பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.
ஐயோ, இந்தத் தண்ணி இல்லை என்றேன்.
வேறு எந்தத் தண்ணி என்று விழித்தார்கள்.
இதற்கு என்னிடம் வேறு சொல் இல்லை.
அப்போது மழைக்கு அடியில் இன்னொரு சத்தம்,
தூரத்தில் ரோடு ரோலர் வருவதுபோல.
அதற்குப் பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை.

காலிக் குடத்தின் வாயைப்
பாலித்தீனால் இறுக்கிக் கட்டினால் மிதக்கும்.
பயிற்சியில் அது மட்டும் எனக்கு விளையாட்டாய்ப் பட்டிருந்தது.
ஜமீலாவின் மாமனாருக்குப் பக்கவாதம்.
கட்டிலின் நான்கு காலிலும் நான்கு குடம் கட்டி,
மார்பளவு தண்ணீரில்
பள்ளிக்கூட மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.
குடத்துக்காரி நால்வரில் இருவர்
அன்று காலைவரை பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்.

விடிந்ததும் வராந்தாவில் எண்ணினேன்.
ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள்.
குடம் எண்பதுக்கு மேல்.
பை ஏழு.
என் வீட்டுப் பை ஆணியிலேயே தொங்கிப்போனது,
அதை இன்னும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

சேதக் கணக்கு எடுக்க வந்தவர்
கோதண்டனின் சுவர் இருந்த இடத்தைப் போட்டோ எடுத்தார்.
பட்டா எண் என்ற கட்டத்தில்
சின்னதாய் ஒரு கோடு இழுத்தார்.
அந்தக் கோட்டைக் கோதண்டன்
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழாய் உடைந்துவிட்டது.
ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓட,
குடிக்க மறுபடி லாரிதான்.
ஒன்பதாம் நாள் அது முனையில் திரும்புவதைப் பார்த்து
பழக்கத்தில் கத்திவிட்டேன்.
ஒரு கதவும் திறக்கவில்லை.
பிறகு தெய்வானை மட்டும் எட்டிப் பார்த்தாள்,
இடுப்பில் குடம், தோளில் பை.

"எந்தத் தண்ணிமே?"